காகிதத்தின் கோடும் தரையின் கோடும்: ஆட்டோகேடில் லைன்டைப்களை உருவாக்கிப் பயன்படுத்தும் முறை

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் கட்டடப் படம் வரைவோர் பலருக்கு லைன்டைப், அதாவது கோடு எந்தத் துண்டு, இடைவெளி, புள்ளி வரிசையில் தெரிய வேண்டும் என்ற வரையறை, மறைகோடு, மையக்கோடு, புள்ளிக்கோடு ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகிறது. வேலி வரைய வேண்டுமானால் ஒரு சிறு வட்டத்தை வரைந்து அதை அர்ரே கட்டளையால் பெருக்குகிறார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு கோட்டை முப்பது முறை நகலெடுக்கிறார்கள். ஓட்டுக்கூரையின் செக்‌ஷனில் ஒவ்வோர் ஓட்டையும் தனித்தனியாக ஒட்டுகிறார்கள். மனை எல்லை ஒரு மீட்டர் நகர்ந்தால் அத்தனையையும் அழித்து மீண்டும் செய்ய வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே ஒரு பாலிலைனாக (பல துண்டுகள் இணைந்து ஒரே பொருளாக அமையும் கோடு) வரைந்து, லைன்டைப்பின் மூலம் தோற்றத்தை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். அப்படிச் செய்தால் கோட்டின் முனையைப் பிடித்து இழுத்தவுடன் வேலியும் ஓடும் தானாக நீளும்.

இந்த வழியில் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு கோட்டையும் பற்றி ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: இந்தக் கோட்டின் அளவு காகிதத்தைச் சேர்ந்ததா, தரையைச் சேர்ந்ததா? மையக்கோட்டின் துண்டுகள் எந்த அளவுவிகிதத்தில் அச்சிட்டாலும் தாளில் ஒரே நீளமாகத் தெரிய வேண்டும். அது காகிதத்தின் கோடு. நடைபாதை ஓரக்கல் அரை மீட்டர் நீளம் என்றால், 1:100 படத்தில் 5 மில்லிமீட்டராகவும் 1:50 படத்தில் 10 மில்லிமீட்டராகவும் தெரிய வேண்டும். அது தரையின் கோடு. லைன்டைப் தொடர்பான குழப்பங்களில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்து அச்சிட முயல்வதால்தான் வருகிறது.

வரையறையை எழுதுவது

லைன்டைப் என்பது லின் என்ற பின்னொட்டு கொண்ட, நோட்பேடில் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்பில் இருக்கிறது. மென்பொருளோடு இரண்டு கோப்புகள் வருகின்றன: அங்குல அளவுக்கு அகேட், மெட்ரிக் அளவுக்கு அகேடிசோ. பின்னதில் உள்ள வழக்கமான கோடுகளின் அளவுகள் முன்னதைப் போல 25.4 மடங்கு. மில்லிமீட்டரில் வரைந்த படத்தில் அங்குலக் கோப்பிலிருந்து மறைகோட்டை ஏற்றினால், இடைவெளிகள் மிகச் சிறியனவாகிக் கோடு முழுக்கோடு போலத் தெரியும். புதியவர்கள் இதைக் கண்டு மென்பொருளில் கோளாறு என்று எண்ணிவிடுவதுண்டு. இந்த இரு கோப்புகளையும் திருத்தாமல், உங்கள் அலுவலகத்துக்கென ஒரு தனிக் கோப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு லைன்டைப்புக்கும் இரண்டு வரிகள் தேவை. முதல் வரி உடுக்குறியில் தொடங்கிப் பெயரையும், காற்புள்ளிக்குப் பின் விளக்கத்தையும் தரும். இரண்டாம் வரி ஆங்கிலத்தின் முதலெழுத்தான ஏ-யில் தொடங்கும். அதன்பின் அளவுகள் காற்புள்ளியிட்டு வரும். மிகை எண் கோட்டுத்துண்டையும், குறை எண் இடைவெளியையும், சுழியம் புள்ளியையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, ஏ, 12, -2, 0, -2 என்று எழுதினால் 12 மில்லிமீட்டர் துண்டு, 2 இடைவெளி, ஒரு புள்ளி, மீண்டும் 2 இடைவெளி என்று கோடு ஓடும். ஒரு வரையறையில் 12 அளவுகள் வரை எழுதலாம். ஆனால் அவை 80 எழுத்துகள் கொண்ட ஒரே வரிக்குள் அடங்க வேண்டும். விளக்கம் 47 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. கடைசி வரியை எழுதியபின் என்டர் விசையை ஒருமுறை அழுத்திவிட்டுச் சேமியுங்கள். இல்லையேல் கடைசி வரையறை ஏற்கப்படாமல் போகலாம்.

கோப்பைச் சேமித்தபின் லைன்டைப் கட்டளையைக் கொடுத்து, லோடு பொத்தானின் வழியாக அதை ஏற்றலாம். ஏற்றப்பட்ட வரையறை படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். ஆகையால் பின்னர் உரைக்கோப்பில் திருத்தம் செய்தால், அந்த லைன்டைப்பை மீண்டும் ஏற்றும்வரை படத்தில் மாற்றம் தெரியாது.

அந்த ஏ என்ற எழுத்து, கோட்டின் இருமுனைகளும் துண்டில்தான் முடிய வேண்டும் என்று சொல்கிறது. அவ்வாறு முடிப்பதற்காக மென்பொருள் நடுவிலுள்ள அளவுகளை மாற்றாமல், மிஞ்சும் நீளத்தை இரண்டாகப் பிரித்து முனைத்துண்டுகளில் சேர்க்கிறது. முனைத்துண்டு, வரையறுத்த நீளத்தில் குறைந்தது பாதியாவது இருக்கும். மையக்கோட்டில் இது கண்ணுக்கே படாது. தரையின் கோடுகளில் இதைக் கணக்கிட்டுத்தான் வரைய வேண்டும். கோடு ஒருமுறைகூட முழு வரிசையைக் கொள்ள முடியாத அளவுக்குக் குறுகியதாக இருந்தால், அது முழுக்கோடாகவே வரையப்படும்.

அளவைக் கட்டுப்படுத்தும் மாறிகள்

எல்டிஸ்கேல் என்ற மாறி படம் முழுவதற்குமான பெருக்கி. ஒவ்வொரு பொருளுக்கும் பிராபர்ட்டீஸ் பலகையில் தனியாக ஒரு லைன்டைப் ஸ்கேல் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கப்படும். இவற்றுக்கு மேல் பிஎஸ்எல்டிஸ்கேல் என்ற மாறி, அச்சுத்தாளாகிய லேஅவுட்டில், படத்தை ஓர் அளவுவிகிதத்தில் காட்டும் சாளரங்களாகிய வியூபோர்ட்டுகளில் கோடுகள் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் மதிப்பு 1 என்றால் எல்லாக் கோடுகளும் காகித அளவில் தெரியும்: 12 மில்லிமீட்டர் துண்டு, வியூபோர்ட் 1:100 ஆனாலும் 1:20 ஆனாலும் தாளில் 12 மில்லிமீட்டர்தான். மதிப்பு 0 என்றால் துண்டுகள் படத்தின் உண்மை அளவில் கிடந்து, வியூபோர்ட்டோடு சேர்ந்து சுருங்கும். படத்தை உண்மை அளவில் வரையும் மாடல் பக்கத்தில் இதே வேலையை, அங்கே தேர்ந்தெடுத்த அளவுவிகிதமான அனோட்டேஷன் ஸ்கேலை வைத்து, எம்எஸ்எல்டிஸ்கேல் செய்கிறது.

எனவே அறைகள், கதவுகள், பரிமாணங்கள் நிறைந்த தளப்படத்துக்கு எல்டிஸ்கேல் 1, பிஎஸ்எல்டிஸ்கேல் 1 என்ற அமைப்பு பொருந்தும். சாலை, நடைபாதை, வாகன நிறுத்தம் நிறைந்த மனைப்படத்துக்கு பிஎஸ்எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல் ஆகிய இரண்டையும் 0 ஆக்கி, எல்டிஸ்கேலை 1-இல் வைத்து, அந்தத் தாளில் இடம்பெறும் ஒருசில காகிதக் கோடுகளுக்கு மட்டும் பொருள்வாரியான ஸ்கேலாக அளவுவிகித எண்ணைக் கொடுப்பதே எளிது. 1:200 தாள் என்றால் மனை எல்லைக்கோட்டுக்கு 200. பிஎஸ்எல்டிஸ்கேல் ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் தனித்தனியாக நினைவில் இருப்பதால், ஒரே கோப்பில் மனைப்படத் தாளுக்கு 0, தளப்படத் தாளுக்கு 1 என்று வைத்துக்கொள்ளலாம். மாறியை மாற்றியபின், திரையைப் புதுப்பிக்கும் ரீஜென் ஆல் கட்டளையைக் கொடுக்காவிட்டால் திரையில் பழைய தோற்றமே நிற்கும்.

அகலமான பாலிலைன் என்னும் கருவி

அதிகம் அறியப்படாத, ஆனால் மிகுந்த பயன்தரும் உத்தி இதுதான். பாலிலைனுக்கு அகலம் கொடுத்து, அதன்மேல் துண்டுக்கோட்டு லைன்டைப்பை ஏற்றினால், ஒவ்வொரு துண்டும் அந்த அகலத்துக்கு ஒரு நிரப்பப்பட்ட செவ்வகமாக மாறுகிறது. அதாவது எளிய இரண்டு எண்களைக் கொண்டு எந்த அளவுள்ள கட்டத்தையும் வரிசையாக அடுக்கலாம்.

2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட கார் நிறுத்தக் கட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஏ, 100, -2400 என்று ஒரு லைன்டைப்பை எழுதி, 5000 அகலமுள்ள பாலிலைனுக்குக் கொடுத்தால், 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள வண்ணப்பட்டைகள் 2500 இடைவெளியில் வரிசையாக வந்து நிற்கும். பாலிலைன், கட்டங்களின் நீளவாக்கில் நடுவே ஓடும். எட்டுக் கார்களுக்கு 20100 மில்லிமீட்டர் நீளத்தில் வரைந்தால் இருமுனைகளிலும் முழுப் பட்டை கிடைக்கும். 20000 என்று வரைந்தால் முனைப்பட்டைகள் பாதித் தடிமனில் வரும். ஆனால் இடம் இருக்கிறதே என்று 21000 வரை இழுத்தால், மிஞ்சிய நீளம் முனைகளில் சேர்ந்து இருபுறமும் 550 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கரும்பட்டைகள் தோன்றும். முன்பு சொன்ன முனைக்கணக்கு இங்கேதான் தலைகாட்டுகிறது.

இதே வழியில் ஏ, 500, -500 என்ற லைன்டைப்பை 3000 அகலத்தில் சாலைக்குக் குறுக்கே வரைந்தால் பாதசாரிக் கடப்பு வரும், 7.5 மீட்டர் சாலையில் எட்டு முழுப் பட்டைகள் சரியாக அமையும். ஏ, 490, -10 என்பதை 150 அகலத்தில் கொடுத்தால் நடைபாதை ஓரக்கற்கள் அடுக்கப்பட்டுவிடும். நேர்கோட்டில் இதை அர்ரே கொண்டும் செய்யலாம் என்றாலும், வளைந்து வளைந்து செல்லும் தோட்டப்பாதையில் வில்லின் வளைவுக்கேற்பக் கற்கள் தாமே திரும்பி அமைவதைப் பார்த்தால் அர்ரே பக்கம் திரும்ப மனம் வராது. ஏ, 1000, -1000 என்ற லைன்டைப்போடு 5 மீட்டர் நீளத்தில் ஒரு குட்டைப் பட்டையை வரைந்து, அதைச் சுற்றி ஒரு மெல்லிய செவ்வகம் போட்டால் அளவுகோல் பட்டை தயார்.

நிரப்பப்பட்ட செவ்வகங்கள் கரிய மையில் அச்சானால் தாளில் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஆகவே ஓரக்கல், பட்டை போன்றவற்றுக்கு 253 போன்ற வெளிர்சாம்பல் நிறம் கொடுத்து, அச்சிலும் சாம்பலாகவே வரும்படி, அச்சுத் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பிளாட் ஸ்டைலில் அமைத்துக்கொள்ள வேண்டும். ஃபில்மோடு மாறியை 0 ஆக்கினால் செவ்வகங்கள் வெறும் வெளிக்கோடாக மாறும் என்பது உண்மைதான். ஆனால் அது படத்தில் பரப்புகளை நிரப்பும் ஹேட்ச்களையும் சேர்த்து மறைத்துவிடுவதால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அகலத்துக்குப் பதிலாக, அச்சில் கோட்டின் தடிமனைக் குறிக்கும் லைன்வெயிட்டைப் பயன்படுத்தும் உத்தியும் ஒன்று உண்டு. ஏ, 0, -150 என்று புள்ளிகளை மட்டுமே கொண்ட லைன்டைப்பை எழுதி, கோட்டுக்கு 0.70 மில்லிமீட்டர் லைன்வெயிட் கொடுத்தால், ஒவ்வொரு புள்ளியும் அச்சில் உருண்டையான கரும்புள்ளியாக விழும். கான்கிரீட் தளத்தின் செக்‌ஷனில், 150 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே வெட்டுப்படும் கம்பிகளைக் காட்ட இதைவிட விரைவான வழி இல்லை. இங்கே இடைவெளி தரையைச் சேர்ந்தது, புள்ளியின் பருமன் காகிதத்தைச் சேர்ந்தது. 1:20 அளவில் 12 மில்லிமீட்டர் கம்பி தாளில் 0.6 மில்லிமீட்டர் ஆகும் என்பதால் 0.70 ஏறக்குறையப் பொருந்துகிறது. பிளாட் ஸ்டைலில் கோட்டு முனை வட்டமாக அமைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லைன்வெயிட்டின் உச்சவரம்பு 2.11 மில்லிமீட்டர் என்பதால் இதைக்கொண்டு பெரிய புள்ளிகளைச் செய்ய முடியாது.

எழுத்துகளைத் தாங்கும் கோடுகள்

குழாய்ப் படத்தில் கோட்டின் நடுவிலேயே பெயர் வருவது பார்வைக்கு அழகு என்பதைவிட, வேலைத்தளத்தில் உண்மையான தேவை. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒப்புதலுக்கான படங்களில் கழிவுநீர் வேலையைச் சிவப்புப் புள்ளிக்கோட்டாலும், குடிநீர் வேலையை மெல்லிய கறுப்புப் புள்ளிக்கோட்டாலும் காட்டச் சொல்கிறது. ஆனால் தளத்துக்குச் செல்லும் படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நகல்தான். அதில் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகிவிடும், மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் உள்ள வேறுபாடும் மங்கிவிடும். எழுத்துப் பொதிந்த கோடு நகலெடுத்தாலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள், இரட்டை மேற்கோளிட்டு, துண்டுகளுக்கு நடுவில் எழுத வேண்டும். அதே அடைப்புக்குள் எழுத்துக்கான டெக்ஸ்ட் ஸ்டைலின் பெயர், அதன்பின் எஸ் என்ற உயரம், கோணம், எக்ஸ் மற்றும் ஒய் நகர்வுகள் ஆகியவை வரும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாகிவிட்ட மழைநீர் சேகரிப்புக்கான குழாயை, ஆர், டபிள்யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளால் காட்டுவதாகக் கொள்வோம். முதலில் 20 நீளத்துண்டு, பிறகு -1.5 இடைவெளி, பிறகு அடைப்புக்குள் அந்த எழுத்துகள், பிறகு -6 இடைவெளி. எழுத்தின் உயரம் 2.5 என்றால், ஒய் நகர்வை -1.25 என்று பாதியாகக் கொடுத்தால் எழுத்து கோட்டின் மையத்தில் அமரும். எக்ஸ் நகர்வு 0. இரண்டு எழுத்துகளும் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் அகலம் பிடிப்பதால் -6 போதுமானது. எழுத்துரு மாறினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும்.

இரண்டு முன்னேற்பாடுகள் தேவை. குறிப்பிட்ட டெக்ஸ்ட் ஸ்டைல் படத்தில் ஏற்கெனவே இருந்தால்தான் லைன்டைப் ஏறும். ஆகவே இதற்கென ஒரு ஸ்டைலை டெம்பிளேட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்த ஸ்டைலின் உயரம் 0 ஆக இருக்கட்டும். வேறு எண் இருந்தால் எஸ் மதிப்பு அதோடு பெருக்கப்பட்டு எழுத்து பூதாகாரமாகிவிடும். ஏ1 தாளைப் பாதியாகச் சுருக்கி ஏ3-யில் அச்சிடும் பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், 2.5 மில்லிமீட்டருக்குக் குறைவான எழுத்துயரம் வேண்டாம், சுருங்கியபின் 1.25 மில்லிமீட்டர் என்பதே படிக்கக்கூடியதன் விளிம்பு.

கோணத்தைக் கொடுக்கும்போது யு, ஆர் என்ற இரண்டு எழுத்துகளில் எதை எழுதுகிறோம் என்பது மிக முக்கியம். யு என்று கொடுத்தால், கோடு எந்தத் திசையில் வரையப்பட்டிருந்தாலும் எழுத்து தலைகீழாகாமல் நிமிர்ந்து நிற்கும். பெயர்களுக்கு இதுதான் சரி. ஆர் என்று கொடுத்தால், எழுத்து கோட்டின் திசையோடு சேர்ந்து திரும்பும். கழிவுநீர் ஓடும் திசையைக் காட்ட > என்ற குறியைக் கோட்டில் பொதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு யு கொடுத்துவிட்டால், இடப்புறம் நோக்கி வரைந்த குழாயிலும் அம்பு வலப்புறத்தையே காட்டும்; கழிவுநீர் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் பாய்வதாகப் படம் சொல்லும். திசைக்குறிகளுக்கு எப்போதும் ஆர்தான். வரைந்த திசை தவறாகிவிட்டால் ரிவர்ஸ் கட்டளை கோட்டின் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிவிடும்.

எழுத்துகளைச் சொற்களாக அல்லாமல் வெறும் வடிவங்களாகவும் பார்க்கப் பழகினால், தனியே உருவம் செய்யாமலேயே பல கோடுகள் கிடைக்கும். எக்ஸ் எழுத்தை 2 உயரத்தில், முன்னும் பின்னும் -2 இடைவெளி விட்டு, 10 நீளத்துண்டுகளுக்கு இடையில் வைத்தால் முள்கம்பி வேலி. மூன்று சாய்கோடுகளைச் சேர்த்து எழுதி, ஒய் நகர்வைக் குறை எண்ணாக்கிக் கோட்டுக்குக் கீழே தொங்கவிட்டால் செக்‌ஷனில் இயற்கைத் தரைமட்டம். இதற்கு இடைவெளி தேவையில்லை, அடைப்புக்கு இருபுறமும் மிகை எண்களே போதும். இதிலும் ஆர் கோணமே வேண்டும், ஏனெனில் சாய்கோடுகள் மண் இருக்கும் பக்கத்தைவிட்டு மாறக் கூடாது. ( என்ற பிறையைக் கடிகார முள் சுற்றும் திசையில் 90 பாகை திருப்பி நெருக்கமாக அடுக்கினால், புதர்வேலியின் மேல்விளிம்பு போன்ற அலைக்கோடு வரும். நகர்வு எண்களை இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்த்துத்தான் பிறைகளைச் சரியாகத் தொடவைக்க முடியும்.

மனைப்படத்தில் கல்லுக்கால் நட்ட முள்கம்பி வேலியைக் காட்டும்போது, கால்களின் உண்மை இடைவெளியிலேயே லைன்டைப்பை அமைக்கலாமே என்று தோன்றும். அது வேண்டாம் என்பது என் கருத்து. வேலியின் வகையைச் சொல்வதுதான் இந்தக் கோட்டின் வேலை. கால்களை எண்ணச் சொல்வதன்று. உண்மை இடைவெளியில் வரைந்தால் ஒப்பந்ததாரர் எண்ணத்தான் செய்வார், முனைக்கணக்கின் காரணமாக அந்த எண்ணிக்கை தவறவும் செய்யும். வேலியைக் காகிதக் கோடாகவே விடுங்கள்.

உருவங்களைத் தாங்கும் கோடுகள்

மென்பொருளோடு வரும் கோப்பிலேயே உருவக்கோடுகள் சில உண்டு: வட்டமும் சதுரமும் கோத்த இரு வேலிக்கோடுகள், இருப்புப்பாதை, கோணல்மாணல் கோடு, வெப்பத்தடுப்புப் பஞ்சைக் காட்டும் பேட்டிங். பேட்டிங் கோட்டை நம் ஊர்ப் படங்களில் அதிகம் காண முடியாது; குளிர்பதனக் கிடங்கு, ஒலிப்பதிவுக்கூடம் போன்றவற்றின் சுவரில் கண்ணாடியிழைப் பஞ்சு வைக்கும்போது அது கைகொடுக்கும். பஞ்சின் நடுவே ஒரு கோட்டை வரைந்து பேட்டிங் கொடுங்கள். ஸ்கேல் 1-இல் அலையின் உயரத்தை ஒருமுறை அளந்துகொண்டு, உங்களுக்கு வேண்டிய தடிமனை அதனால் வகுத்து வரும் எண்ணை அந்தக் கோட்டின் லைன்டைப் ஸ்கேலாகக் கொடுத்தால், அலைகள் பஞ்சின் இரு விளிம்பையும் சரியாகத் தொடும். முனைகளில் குட்டையான நேர்கோட்டுத்துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் முன்சொன்ன முனைக்கணக்குதான் காரணம். கோட்டின் நீளத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம்.

நம் சொந்த உருவத்தை உண்டாக்க, எக்ஸ்பிரஸ் டூல்ஸ் பட்டியலில் உள்ள எம்கேஷேப், எம்கேஎல்டைப் என்ற இரண்டு கட்டளைகள் உதவும். மங்களூர் ஓடு வேய்ந்த கூரையின் செக்‌ஷனை எடுத்துக்கொள்வோம். ரீப்பர் கட்டைகள் 320 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொண்டு, கூரைச் சாய்வைக் கவனிக்காமல், கிடைமட்டமான ஒரு துணைக்கோட்டின் மேல் ஒரே ஓர் ஓட்டின் வெட்டுமுகத்தை வரையுங்கள்: ரீப்பரில் மாட்டும் குமிழ், சற்றே உயர்ந்து அடுத்த ஓட்டின்மேல் படியும் முனை, இரண்டையும் இணைக்கும் மெல்லிய உடல். கோடுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 1:50 அளவில் ஓர் ஓடு தாளில் ஏழு மில்லிமீட்டர்கூட வராது, அதில் ஓட்டின் வரிப்பள்ளங்களையெல்லாம் காட்ட முனைந்தால் மைத்திட்டுதான் மிஞ்சும்.

வரைந்து முடித்ததும் எம்கேஷேப் கொடுத்து, கோப்புக்கும் உருவத்துக்கும் பெயரிட்டு, ரீப்பரின் மேல்விளிம்பை அடிப்புள்ளியாகக் காட்டுங்கள். கட்டளை கேட்கும் நுணுக்க எண்ணை அப்படியே விட்டுவிடலாம். உருவாகும் உருவத்தை ஷேப் கட்டளையால் படத்தில் செருகி, முதலில் வரைந்த ஓட்டோடு அளவு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, வேண்டுமானால் உயரத்தை மாற்றுங்கள். பிறகு, துணைக்கோட்டின் மேல் உருவத்தின் இடப்புறமும் வலப்புறமும் கோட்டுத்துண்டுகளை வரைந்து, எம்கேஎல்டைப் கொடுத்து, சரியாக 320 இடைவெளியில் தொடக்கப்புள்ளியையும் முடிவுப்புள்ளியையும் காட்டினால் லைன்டைப் கோப்பில் எழுதப்பட்டுவிடும். இனிமேல் கூரையின் சாய்வுக்கோட்டை இறவாரத்திலிருந்து முகடு நோக்கி வரைந்தாலே ஓடுகள் அடுக்கப்பட்டுவிடும். எதிர்ச்சாய்வில் ஓடு கோட்டுக்குக் கீழே போய்விடும் என்பதால், அந்தப் பக்கத்துக்கு உருவத்தைக் கண்ணாடிப் பிம்பமாக்கி இரண்டாவது லைன்டைப் ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும்.

உருவம் மட்டும் தெரிந்து அடிக்கோடு தெரியக் கூடாது என்றால், கோட்டுத்துண்டின் நீளத்தை 0.0001 என்று எழுதிவிட்டு, மீதியை இடைவெளியாக்குங்கள். பேட்டிங் கோடு அவ்வாறுதான் எழுதப்பட்டிருக்கிறது. பிளானில் திரைச்சீலையின் அலைமடிப்பு, மாடிக் கைப்பிடியின் எலிவேஷனில் அலங்காரக் கம்பிகள், செக்‌ஷனில் ஈரத்தடுப்பு அடுக்கின் குறுக்குவரிகள் ஆகியவற்றை இதே முறையில் செய்யலாம். கைப்பிடிக் கம்பிகள் தரையின் கோடு. மற்ற இரண்டும் காகிதத்தின் கோடுகள்.

வளைந்த பாலிலைன்களில் எழுத்தோ உருவமோ தோன்றாமல் வெறும் கோடாகவே தெரிந்தால், பாலிலைனின் துண்டுகள் சேரும் ஒவ்வொரு முடிச்சிலும் வரிசை புதிதாகத் தொடங்குகிறது என்று பொருள். பிராபர்ட்டீஸில் லைன்டைப் ஜெனரேஷனை இயக்கினாலோ, பிலைன்ஜென் மாறியை 1 ஆக்கிவிட்டு வரைந்தாலோ வரிசை முடிச்சுகளைத் தாண்டித் தொடர்ந்து ஓடும். உயரச்சமக்கோடுகளுக்கும் புதர்வேலிக்கும் இது இன்றியமையாதது.

செய்யக் கூடாத இடங்கள்

லைன்டைப்பால் தோன்றும் துண்டுகளை, புள்ளிகளைத் துல்லியமாகப் பிடிக்கும் ஸ்னாப் வசதியால் பிடிக்க முடியாது. எண்ணிக்கை எடுக்கவும் முடியாது. ஆகவே தளத்தில் நூல் பிடித்து அளந்து குறிக்கப்படும் எதையும், குறிப்பாகத் தூண்களையும் அடித்தளங்களையும், இப்படி வரையவே கூடாது. 230 அகலப் பாலிலைனில் 3 மீட்டருக்கு ஒரு தூணை வரவழைப்பது கருத்துப்படத்துக்கு விரைவாக இருக்கும். வேலைப்படத்தில் ஒவ்வொரு தூணும் தனித்தனியாகச் செருகி எண்ணக்கூடிய பிளாக்காகவே இருக்க வேண்டும்.

மேலேயுள்ளதும் கீழேயுள்ளதும் ஒரே மறைகோட்டில் வருவது மற்றொரு பரவலான குறை. சன்ஷேட், லாஃப்ட், பீம் ஆகியவை வெட்டுத்தளத்துக்கு மேலே இருப்பவை. அவற்றுக்கு 4, -2 என்று நீண்ட துண்டும், தரைக்குக் கீழுள்ள தொட்டிக்கும் அடித்தளத்துக்கும் 1.5, -1 என்று குறுகிய துண்டும் வைத்துக்கொண்டால், படத்தைப் பார்ப்பவர் கேள்வி கேட்க வேண்டிய தேவை பாதியாகக் குறையும். எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்ற விளக்கக்கட்டம் தாளின் ஓரத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

மற்ற மென்பொருள்களில்

பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் ஆகியவை இதே லின் கோப்புகளைப் படிப்பதால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அங்கும் செல்லும். ஆர்க்கிகேடில் முழுக்கோடு, துண்டுக்கோடு, உருவக்கோடு என மூன்று வகைகள் உண்டு; வரைந்த உருவத்தை நகலெடுத்து லைன் டைப்ஸ் உரையாடல் பெட்டியில் ஒட்டினாலே உருவக்கோடு தயாராகிவிடும். ஒவ்வொரு கோடும் படத்தோடு சுருங்க வேண்டுமா, காகித அளவில் நிற்க வேண்டுமா என்பதையும் அதே பெட்டியில் கோட்டுவாரியாகத் தேர்ந்தெடுக்கலாம். இந்த ஒன்றில் ஆர்க்கிகேட் ஆட்டோகேடைவிடத் தெளிவாக இருக்கிறது. ரெவிட்டின் லைன் பேட்டர்ன்கள் துண்டு, புள்ளி, இடைவெளி ஆகியவற்றை மட்டுமே ஏற்கும், அவையும் காகித அளவில்தான். எழுத்தோ உருவமோ வேண்டுமானால் அங்கே ரிப்பீட்டிங் டீட்டெய்ல் என்ற வேறு கருவியை நாட வேண்டும். அதில் இடைவெளி உண்மை அளவில் அமைவதால் ஓடு, செங்கல் போன்ற தரையின் கோடுகளுக்கு அதுவே பொருத்தமானது.

படத்தை அனுப்பும்போது

லைன்டைப் படத்தினுள் பதிந்துவிடுவதால் லின் கோப்பை அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் எம்கேஷேப்பால் உருவான எஸ்எச்எக்ஸ் கோப்பு படத்தில் பதிவதில்லை. அது இல்லாத கணினியில் கூரை ஓடுகளுக்குப் பதிலாக வெறும் சாய்வுக்கோடு மட்டும் தெரியும். ஈடிரான்ஸ்மிட் கட்டளையால் கட்டி அனுப்பினால் அந்தக் கோப்பும் உடன் செல்லும். பெறுபவர் வேறொரு மென்பொருளில் திறப்பார் என்று தெரிந்தால், உருவக்கோடுகளைத் தவிர்த்து எழுத்துக்கோடுகளாலேயே வேலையை முடிப்பது பாதுகாப்பானது. எப்படியானாலும், புதிதாகச் செய்த லைன்டைப்கள் அனைத்தையும் ஒரு தாளில் வரிசையாக வரைந்து, நேராக ஒன்று, வளைவாக ஒன்று, வலமிருந்து இடமாக ஒன்று என மூன்று விதமாகவும் அச்சிட்டு, அந்தத் தாளை ஒருமுறை கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பார்த்தபின் டெம்பிளேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.